விரிவாக்கம் யார் வாசல் வரைக்கும்?

(வட்டார உழவர் ஆலோசனைக் குழுவிலும் உழவர் ஆர்வலர் குழுக்களிலும் புதிதாகச் சேர்ந்திருக்கும் கடைமடைச் சேரி மக்களுக்காக ஸ்ரீவைகுண்டத்தில் நடந்த அறிமுகக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

உங்களில் சிலபேர் வட்டார உழவர் ஆலோசனைக் குழுவில் புதிதாக உறுப்பினர் ஆகியிருக்கிறீர்கள். சிலபேர் உழவர் ஆர்வலர் குழுவில் சேர்ந்திருக்கிறீர்கள். ரெண்டு மூணு பேர் உழவர் நண்பர் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். வேளாண்மைத் துறைக்காரர்கள் உங்களுக்குத் தனியாகப் பயிற்சி வைப்பார்கள். என்ன திட்டம், எத்தனை சதவீதம் மானியம், எந்தப் படிவம் என்பதையெல்லாம் அதில் சொல்வார்கள். அதை ஒழுங்காகக் கேட்டுக்கிடுங்க. அங்கே பேசாமல் விடுகிற ஒரு விசயத்தைப் பேசத்தான் நாம இங்க கூடியிருக்கோம்.

அது ஒரே ஒரு கேள்வி. விவசாயின்னா யாரு?

சிரிக்காதீங்க. சர்க்கார் காகிதத்தில் விவசாயி என்றால் பட்டாவில் பேர் உள்ள ஆள். நாத்துப் பாவுகிறவள், நடுகிறவள், களை பிடுங்குகிறவள், மருந்து அடிக்கிறவன், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்துபோய் மடையைத் திறந்து தண்ணி பாய்ச்சுகிறவன், வாழைத்தார் சுமக்கிறவன், இவர்கள் யாரும் விவசாயி இல்லை. இவர்கள் விவசாயக் கூலி. பாட்டத்துக்கு நிலம் வாங்கிப் பயிர் வைக்கிறவன் பாடு இன்னும் மோசம். அவன் அதுவும் இல்லை, இதுவும் இல்லை, எந்தக் காகிதத்திலும் இல்லை. நீங்க உக்காரப்போற நாற்காலிக்கு ஒரு வேலைதான் முதல் வேலை. 'விவசாயி' என்கிற அந்தச் சொல்லை நம்ம தெரு வரைக்கும் இழுத்துக்கொண்டு வரணும். மத்ததெல்லாம் அதற்குப் பிறகு.

சொல்லுக்கு ஒரு வரலாறு

'வேளாண் விரிவாக்கம்' என்று பெரிய சொல்லாகச் சொல்கிறார்கள். விரிவாக்கம் என்றால் உள்ளே இருக்கிறதை வெளியே நீட்டுவது. 1873-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், தன் மதிலுக்கு வெளியே இருந்த தொழிலாளிகளுக்கும் பெண்களுக்கும் ஊர் ஊராகப் போய்ப் பாடம் சொல்ல ஏற்பாடு செய்தது. அங்கிருந்துதான் இந்தச் சொல் கிளம்பியது. உள்ளே வர முடியாதவனைத் தேடிப் போவதுதான் விரிவாக்கத்தின் முதல் அர்த்தம்.

அமெரிக்காவில் இந்த அர்த்தத்தை நிசமாக்கியவர்கள் கறுப்பர்கள். அலபாமா மாநிலத்தில் டஸ்கெகீ என்று ஒரு ஊர். அங்கே புக்கர் டி. வாஷிங்டன் கறுப்பர்களுக்காக ஒரு கல்லூரி நடத்தினார். அடிமையாகப் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அங்கே வேளாண்மை ஆசிரியர். பக்கத்து ஊர்களில் இருந்த கறுப்பர்களில் பெரும்பாலானவர்கள் வெள்ளைக்காரன் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் வைத்துக் கடனில் கிடந்தவர்கள். அவர்களால் கல்லூரிக்கு வர முடியாது. எனவே 1906-இல் அந்தக் கல்லூரி ஒரு வண்டி கட்டியது. விதை, கலப்பை, கருவி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு குடிசை குடிசையாக அந்த வண்டி போனது. நிலம் யாருடையது என்று அது கேட்கவில்லை. உழுகிறவன் யார் என்று கேட்டது.

பிறகு நடந்ததையும் தெரிஞ்சுக்கிடணும். 1914-இல் அமெரிக்க அரசாங்கம் விரிவாக்கத்துக்கென்று சட்டம் போட்டுப் பணம் ஒதுக்கியது. தென்மாநிலங்களில் அந்தப் பணத்தை நிர்வாகம் பண்ணுகிற பொறுப்பு வெள்ளைக்காரர் கல்லூரிகளின் கைக்குப் போனது. கறுப்பர்கள் ஆரம்பித்த வேலை, கறுப்பர்களுக்கு மிச்சம் மீதி கிடைக்கிற வேலையாகச் சுருங்கியது. கடன் தருவதில் பாகுபாடு காட்டினார்கள் என்று கறுப்பு விவசாயிகள் தங்கள் வேளாண்மைத் துறை மேலேயே வழக்குப் போட்டு, 1999-இல்தான் ஒரு தீர்வுக்கு வந்தார்கள். வண்டி யாருக்காகக் கட்டினது என்பதைவிட, கடிவாளம் யார் கையில் என்பதுதான் கணக்கு.

நம்ம நாட்டுக் கதைக்கு வருவோம். 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கிராம சேவக் என்று ஒருவர் சைக்கிளில் வந்தார். 1960-இல் தஞ்சாவூர் மாவட்டத்தைத் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு எடுத்தார்கள். நல்ல விதை, உரம், கடன் எல்லாம் போனது. விளைச்சல் கூடியது. கூடின விளைச்சலில் அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டதற்கு 1968 டிசம்பர் 25-ஆம் தேதி அதே மாவட்டத்தில் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். விதைக்கும் உரத்துக்கும் சர்க்கார் வழி போட்டுக் கொடுத்தது. கூலிக்கு வழி போடவில்லை.

1980-களின் தொடக்கத்தில் உலக வங்கி யோசனையோடு 'பயிற்சியும் பார்வையிடலும்' என்று ஒரு முறை தமிழ்நாட்டுக்கு வந்தது. அலுவலர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். ஊரில் சிலரைப் பொறுக்கித் 'தொடர்பு விவசாயி' என்று பேர் வைப்பார். அவர்களுக்குச் சொன்னால் அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வார்கள் என்பது ஏற்பாடு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சாதி கட்டின ஊரில் அறிவு மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணி மாதிரிப் பாயாது. தெரு எல்லையில் நின்றுபோகும். நம்ம தெருவுக்குள் வரும்போது அது உத்தரவாக வரும். 'ஏலே, இன்னைக்கு இந்த மருந்தை அடிச்சிரு.' என்ன மருந்து, எவ்வளவு, காத்துக்கு எந்தப் பக்கம் நிக்கணும், மூச்சு முட்டினால் என்ன செய்யணும் என்கிற பகுதியெல்லாம் தொடர்பு விவசாயி வீட்டுத் திண்ணையிலேயே தங்கிவிடும்.

நம்ம ஆற்றில் நடந்தது

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. கடைசி அணைக்கட்டு நம்ம ஸ்ரீவைகுண்டம். மற்ற ஏழும் பழசு. இது வெள்ளைக்காரன் காலத்தில் கட்டினது. வடகால், தென்கால் ரெண்டும் சேர்த்து 25,560 ஏக்கர் பாசனம். மொத்தத் தாமிரபரணிப் பாசனம் 86,107 ஏக்கர். இவ்வளவு துல்லியமாக நிலத்தை எண்ணி வைத்திருக்கிறார்கள். அந்த நிலத்தில் குனிந்து நிமிர்கிற ஆட்களை எண்ணின பதிவேடு ஒன்று வேளாண்மை ஆபீஸில் இருக்கான்னு கேட்டுப்பாருங்க.

பக்கத்தில் சிவகளையில் தோண்டி எடுத்த முதுமக்கள் தாழிக்குள் நெல்மணி கிடைத்தது. அமெரிக்காவில் ஒரு ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் கி.மு. 1155 என்று கணக்குச் சொன்னார்கள். 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 3,200 வருச நெல் என்று எல்லாரும் பெருமைப்பட்டார்கள். நாமும் படுவோம். அந்த நெல்லை நட்ட கை யார் கை என்று தாழி சொல்லாது. இன்றைக்கு இந்த வயலில் நடுகிற கை யார் கை என்பதற்குத் தோண்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. அந்தக் கைக்காரிக்கு 'நெல் நடுவது எப்படி' என்று பயிற்சி கொடுக்க வருகிறார்கள். பரவாயில்லை, வரட்டும். ஆனா அந்தப் பயிற்சிக்குக்கூட அவளைக் கூப்பிடுவதில்லை, நிலத்துக்காரரைக் கூப்பிடுகிறார்கள்.

இதற்கு நம்ம ஆற்றுப் பாசனத்திலேயே ஒரு பாடம் இருக்கு. ஒற்றை நாற்று நடவு, 'திருந்திய நெல் சாகுபடி' என்று சொல்வார்களே, அது மடகாஸ்கர் தீவில் உருவானது. 2003-04-இல் வேளாண் பல்கலைக்கழகம் அதைத் தாமிரபரணிப் பாசனத்தில் 100 விவசாயிகளின் வயலில் செய்து பார்த்தது. பதினாலு நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 22.5 செ.மீ. இடைவெளியில் சதுர நடவு, கோனோவீடர் உருட்டிக் களையெடுப்பு. பலன் நல்ல பலன். வழக்கமான நடவில் ஹெக்டேருக்கு ஐந்தரை டன்னுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைத்த இடத்தில், இதில் ஏழு டன்னைத் தாண்டியது. விதை மிச்சம், தண்ணி மிச்சம்.

இன்னொன்றும் நடந்தது. பெண்களுடைய வேலைநாள் குறைந்தது, ஆண்களுடைய வேலைநாள் கூடியது. கையால் களை பிடுங்குவது பெண்ணுக்குக் கூலி. கோனோவீடர் உருட்டுவது ஆணுக்குக் கூலி. ஆராய்ச்சி செய்தவர்கள் இதையும் எண்ணி எழுதித்தான் இருக்கிறார்கள். அது நேர்மை. ஆனால் திட்டம் போடுகிற மேசையில் களை பிடுங்குகிறவள் ஒருத்தி இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பாள்? 'அய்யா, அந்த வண்டியைப் பொம்பளை கைக்குத் தோதா எடை குறைச்சுச் செய்ங்க, எங்களுக்கு ஓட்டப் படிச்சுக் குடுங்க, குழுவுக்கு நாலு வண்டி குடுங்க, நாங்களே ஒப்பந்தம் பேசிக் களையெடுக்கோம்' என்று கேட்டிருப்பாள். தொழில்நுட்பம் வேண்டாம் என்று நாம சொல்லவில்லை. தொழில்நுட்பம் வருகிறபோது கூலியை இழக்கிறவளுக்கு அந்த மேசையில் வாய் வேணும் என்கிறோம். நாற்று நடுகிற எந்திரம் வந்தாச்சு, அறுக்கிற எந்திரம் எப்பவோ வந்தாச்சு, மருந்தடிக்கிற டிரோன் பறக்குது. ஒவ்வொன்றுக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கு.

காகிதத்தில் இல்லாதவனுக்கு வெள்ளமும் இல்லை

2023 டிசம்பர் 17, 18. உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. ரயில் நம்ம ஸ்டேசனில் நின்னு, நூற்றுக்கணக்கான சனம் தண்ணிக்கு நடுவில் கிடந்தது. நெல் போச்சு, வாழை சாய்ஞ்சுது, வயலில் மணல் ஏறிச்சு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. நல்ல விசயம். கணக்கு எடுப்பது எதை வைத்து? பட்டா, அடங்கல். பாட்டத்துக்குப் பயிர் வைத்தவன் கடன் வாங்கி உரம் போட்டிருப்பான், கன்று வாங்கி ஊன்றியிருப்பான். அடங்கலில் நிலத்துக்காரர் பேர் இருந்தால் பணம் நிலத்துக்காரர் கணக்குக்குத்தான் போகும். அவர் மனசு வைத்தால் பாதி தருவார். மனசு வைக்காவிட்டால் கேட்க வழி இல்லை, ஏன்னா நீ பயிர் வைத்ததற்கு நீயும் அந்த வயலும்தான் சாட்சி.

2019-இல் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டத்தில் வருசத்துக்கு 6,000 ரூபாய். அதுவும் நிலம் பேரில் உள்ள குடும்பத்துக்குத்தான். பாட்டக்காரனுக்கு இல்லை, கூலிக்கு இல்லை. 2022-23 வேளாண் நிதிநிலை அறிக்கையில், வேளாண் எந்திரம் வாங்குகிற ஆதிதிராவிடர், பழங்குடிச் சிறு குறு விவசாயிகளுக்கு வழக்கமான மானியத்தோடு இன்னும் 20 சதவீதம் கூடுதல் என்று தமிழ்நாட்டில் அறிவித்தார்கள். நம்ம பேரில் போட்ட திட்டம்தான். ஆனா சிறு குறு விவசாயி என்று சான்று வாங்க நிலம் காட்டணும். நிலம் இல்லாததால்தானே நாம இந்த நிலைமையில் இருக்கோம்? இந்திய அளவில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பைப் பார்த்தால், பட்டியல் சாதியினர் சாகுபடி செய்கிற நிலம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி அஞ்சு பேரில் ஒருவர் நம்ம ஆள்.

2021-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, இங்க நம்மில் பெரும்பாலோருக்குத் தேவேந்திரகுல வேளாளர் என்று பேர் வந்தது. பேருக்குள்ளே வேளாளர் வந்துட்டார். வேளாண்மை ஆபீஸ் பதிவேட்டுக்குள் இன்னும் வரவில்லை.

2024-இல் மாரி செல்வராஜின் 'வாழை' படம் பார்த்திருப்பீர்கள். நம்ம பக்கத்துக் கதை. லீவு நாளில் தார் சுமக்கப் போகிற அந்தப் பையனையும் அவன் அம்மாவையும் அக்காவையும் வேளாண்துறையோ தோட்டக்கலைத்துறையோ எந்தப் பதிவேட்டில் எழுதும்? வாழைக்கு மானியம் உண்டு, காப்பீடு உண்டு, ஏற்றுமதிப் பயிற்சி உண்டு. தாரைத் தூக்கிச் சேத்தில் நடக்கிற கழுத்துக்கு என்ன உண்டு?

எது எங்கே இருக்கு

இப்ப வழி சொல்லுதேன். குறிச்சுக்கிடுங்க.

அட்மா என்று சொல்கிறார்களே, அது வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமை. 1998-இல் ஏழு மாநிலங்களில் 28 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, 2005-06 முதல் நாடு முழுக்கப் பரவியது. நீங்க வந்திருக்கிற குழுக்கள் இதன்கீழ் வருகிறவை. வட்டாரத்தில் வேளாண்மை உதவி இயக்குநர் இருப்பார். அட்மாவுக்கென்று வட்டாரத் தொழில்நுட்ப மேலாளரும் அவருக்குக் கீழே உதவித் தொழில்நுட்ப மேலாளர்களும் இருப்பார்கள். ரெண்டு ஊருக்கு ஒரு உழவர் நண்பர் என்பது திட்டத்தின் ஏற்பாடு. அலுவலர்கள் சேர்ந்தது தொழில்நுட்பக் குழு. விவசாயிகள் சேர்ந்தது ஆலோசனைக் குழு. வருசாவருசம் வட்டாரச் செயல் திட்டம் என்று ஒன்று போடுவார்கள். எந்த ஊரில் பயிற்சி, யார் வயலில் செயல்விளக்கம், எங்கே பண்ணைப் பள்ளி, யார் யாருக்குக் கண்டுணர்வுப் பயணம், எல்லாம் அந்தக் காகிதத்தில் முடிவாகும். அந்தக் காகிதம் ஆலோசனைக் குழுவுக்கு வந்துதான் போகணும். உங்க கையெழுத்துக்கு மதிப்பு அங்கேதான்.

பெண் விவசாயிகளுக்குத் திட்ட நிதியில் குறைந்தது 30 சதவீதம் என்று வழிகாட்டு நெறியிலேயே இருக்கு. பட்டியல் சாதிக்கு ஒதுக்குகிற நிதியை வேறு பக்கம் திருப்பக் கூடாது என்பதற்காக 2024-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. இந்த ரெண்டையும் வாயில் வைத்திருங்க.

நம்ம வட்டத்துக்குள்ளேயே கிள்ளிகுளத்தில் 1980-களிலிருந்து வேளாண் கல்லூரி இருக்கு. வாகைக்குளத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. மண் பரிசோதனையா, பூச்சி நோயா, காளான் வளர்ப்பா, போய்க் கேட்கலாம். பட்டா கொண்டாந்தாத்தான் பேசுவேன்னு எந்தப் பேராசிரியரும் சொல்ல முடியாது. மாசத்துக்கு ஒருதரம் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். அதிலும் பேசலாம். பதில் வராவிட்டால் 2005-ஆம் வருசத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கு.

முதல் கூட்டத்தில் கேட்க வேண்டியவை

ஒன்று. கூட்டம் எங்கே நடக்குது? ஒருத்தர் வீட்டு முற்றத்திலோ, நம்ம பொம்பளைங்க கால் வைக்கத் தயங்குகிற மண்டபத்திலோ நடந்தால் அது பொதுக்கூட்டம் இல்லை. பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், சமுதாயக்கூடம், இந்த மாதிரி இடத்தில் நடக்கணும். சுற்றுமுறையில் நம்ம தெருவிலும் நடக்கணும். நேரமும் முக்கியம். காலை பதினோரு மணிக்கு வைத்தால் கூலிக்குப் போனவள் வர முடியாது.

ரெண்டு. போன மூணு வருசத்தில் பயிற்சிக்கும் பயணத்துக்கும் செயல்விளக்கத்துக்கும் யார் யார் பேர் போனது? பட்டியலைக் கேளுங்க. ஒரே குடும்பத்துப் பேர் திரும்பத் திரும்ப வருதான்னு பாருங்க. பட்டியலைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மூணு. இந்த வருசம் ஒரு செயல்விளக்கமாவது நம்ம ஆள் சாகுபடி செய்கிற வயலில் நடக்கணும். பாட்டத்து வயலாக இருந்தாலும் சரி. வயல்வரப்பில் வைக்கிற பலகையில் பயிர் வைக்கிறவர் பேர் எழுதணும்.

நாலு. மருந்தடிக்கிறவருக்குத் தனிப் பயிற்சி, கையுறை, முகமூடி. 2017-இல் மகாராஷ்டிராவில் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலிகளுமாக இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். புட்டி மேலே ஒட்டியிருக்கிற சீட்டை வாசிக்கச் சொல்லித் தருவதும் விரிவாக்கம்தான். மருந்து வாங்குகிறவருக்குப் பயிற்சி, அடிக்கிறவருக்கு ஆஸ்பத்திரி என்று இருக்கக் கூடாது.

அஞ்சு. எந்திரம் ஓட்டப் பழக்குவது. நம்ம பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு. குழுவுக்கு எந்திரம் வந்தால் அதன் சாவி யாரிடம் என்பதையும் தீர்மானத்தில் எழுதுங்க.

ஆறு. பாட்டம். தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-லேயே வந்தது. தன் உடம்பு உழைப்பையோ குடும்பத்தார் உழைப்பையோ போட்டுச் சாகுபடி பண்ணுகிறவன் குத்தகைதாரன் என்று அது சொல்கிறது. எழுதின ஒப்பந்தம்தான் வேணும் என்று இல்லை. குத்தகை உரிமையைப் பதிய 1969-இல் இன்னொரு சட்டம் வந்தது. ரெண்டும் நம்ம தெருவுக்குள் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். பதிவு கேட்டவனுக்கு அடுத்த பூவுக்கு நிலம் கிடைக்காது. அதனால இதைத் தனி ஆளாகச் செய்யாதீங்க. ஒரு காலில் பாட்டத்துக்குப் பயிர் வைக்கிற அத்தனை பேரும் ஒரே நாளில் ஒரே மனுவாகப் போகணும். ஒருத்தனை விரட்டலாம். எல்லாரையும் விரட்டிட்டு வயலைத் தரிசாகப் போட முடியாது.

எப்படித் தோற்கடிப்பார்கள்

முதல் கூட்டத்திலேயே சண்டைக்கு வர மாட்டார்கள். மரியாதையாகத்தான் ஆரம்பிக்கும். சால்வை போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். தீர்மானம் எழுதுகிற பக்கம் வெறுமையாக இருக்கும். பிறகு நிரப்பிக்கிடுவோம்பார்கள். வெறும் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீங்க. எழுதி, வாசிச்சு, பிறகு கையெழுத்து. 'அவசரமாப் போகணும் அண்ணாச்சி' என்றால், 'போயிட்டு வாங்க சார், நாங்க காத்திருக்கோம்' என்று சொல்லுங்க.

அடுத்தது, உங்களையே இன்னொரு தொடர்பு விவசாயி ஆக்கிவிடுவார்கள். 'நம்ம தெருவுக்கு வர்ற எல்லாம் அவர் மூலமாத்தான்' என்று ஆகிவிட்டால், பழைய திண்ணை ஒழிந்து நம்ம தெருவுக்குள்ளேயே ஒரு புதுத் திண்ணை கட்டியாச்சு என்று அர்த்தம். அதைத் தடுக்க ரெண்டு கட்டுப்பாடு. ஒன்று, எந்தக் கூட்டத்துக்கும் தனியாகப் போகக் கூடாது. கூட ஒரு பெண் உறுப்பினராவது வரணும். இன்னொன்று, கூட்டம் முடிந்து ஏழு நாளுக்குள் தெருவில் உக்கார்ந்து, என்ன பேசினோம், என்ன கிடைத்தது, யார் பேர் எழுதினோம் என்று வாசித்துக் காட்டணும்.

நமக்குள்ளே இருக்கிறதையும் பேசணும். சேரி என்று ஒரே சொல்லாகச் சொல்லுதோம். அதற்குள் பள்ளர் தெரு உண்டு, பறையர் தெரு உண்டு, அருந்ததியர் தெரு உண்டு. பாட்டத்துக்குக்கூட நிலம் கிடைக்காத வீடுகள் அருந்ததியர் தெருவில்தான் அதிகம். ஊர் நமக்குச் செய்ததை நாம அந்தத் தெருவுக்குச் செய்தால், விடுதலை என்கிற வார்த்தையை உச்சரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. வீட்டுக்குள்ளேயும் அப்படித்தான். வயல் வேலையில் பெரும்பங்கு பொம்பளை கையில், குழுவில் பேர் மட்டும் ஆம்பளை பேர் என்றால் அதுவும் ஒரு பட்டா அதிகாரம்தான்.

பயமும் இருக்கு. இல்லை என்று சொல்ல மாட்டேன். 1999 ஜூலை 23-ஆம் தேதி மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளுக்காகத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்க ஊர்வலமாகப் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டி, இதே தாமிரபரணிக்குள் 17 உயிர் போனது. மனுக் கொடுக்கப் போனதற்கு இந்த விலை கொடுத்த சனம் நாம. ஆபீஸ் படி ஏற நம்ம ஆத்தாமார் தயங்கினால் அதைக் கோழைத்தனம் என்று சொல்லாதீங்க. கூடப் போங்க.

நிலத்துக்குப் பதில் இல்லை இது

நம்ம இயக்கத்துப் பிள்ளைகளே ஒரு கேள்வி கேட்கிறார்கள். 'நமக்கு வேண்டியது நிலம். இந்தக் குழு, பயிற்சி, பண்ணைப் பள்ளியெல்லாம் சர்க்கார் காட்டுகிற பொம்மை. இதுக்குள்ள போயி ஏன் நேரத்தைக் கெடுக்கணும்?' நியாயமான கேள்வி. 1892-இல் வெள்ளைக்காரன் காலத்தில் நமக்கென்று ஒதுக்கச் சொன்ன பஞ்சமி நிலத்தையே இன்னும் தேடிக்கிட்டிருக்கோம். அம்பேத்கர் 1947-இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதித் தந்த திட்டத்தில், நிலம் அரசுடைமையாகி, சாதி மதம் பார்க்காமல் ஊராருக்குக் குத்தகைக்குத் தரப்படணும், நிலப்பிரபுவும் இருக்கக் கூடாது, நிலமில்லாக் கூலியும் இருக்கக் கூடாது என்றார். நாம நிற்க வேண்டிய இடம் அதுதான். ஒரு மூட்டை விதைக்கும் ஒரு தெளிப்பானுக்கும் அந்த இடத்தை விட்டுத் தரக் கூடாது.

ஆனால் நிலம் கேட்கிறவனிடம் சர்க்கார் முதலில் கேட்கப்போவது காகிதம். நீ எத்தனை வருசமாகப் பயிர் வைக்கிறாய், எந்த வயலில், யார் சாட்சி? செயல்விளக்கப் பதிவேட்டில் உன் பேர், பயிற்சி வருகையில் உன் பேர், மண் பரிசோதனை அட்டையில் உன் பேர், அடங்கலில் உன் பேர், இதெல்லாம் ஒவ்வொரு செங்கல். நிலமில்லாத ஆதிதிராவிடப் பெண்கள் நிலம் வாங்க 'நன்னிலம்' என்று 2023-இல் தாட்கோ மூலம் ஒரு திட்டம் வந்தது. பாதி விலை, அதிகபட்சம் 5 லட்சம் வரை மானியம். எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிய வேண்டிய நேரத்தில் தெரியவில்லை என்றால் அந்த நிலம் இன்னொருத்தர் கைக்குப் போகும். தகவல் நிலம் ஆகாது. ஆனா தகவல் இல்லாம நிலம் வந்து சேராது. நிலத்துக்கான போராட்டத்தை நடத்திக்கொண்டே இந்த நாற்காலியிலும் உக்காரணும். விட்டுவிட்டால் அது காலியாக இருக்காது, பழைய ஆளே வந்து உக்காருவார்.

இன்றைக்குப் போகும்போது ஆளுக்கொரு நோட்டு வாங்கிட்டுப் போங்க. அடுத்த கூட்டத்துக்குள் உங்க தெருவில் வீடு வீடாகப் போய் எழுதுங்க. யார் எந்தக் காலில், எத்தனை மரக்கால் விதைப்பாடு, சொந்தமா பாட்டமா வாரமா கூலியா, என்ன பயிர், எந்த வேலை செய்கிறார். பொம்பளை பேரை முதலில் எழுதுங்க. எந்த ஆபீஸிலும் இல்லாத பதிவேடு அது. அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மேசைக்குப் போங்க. விவசாயின்னா யாருன்னு கேட்டால், நோட்டைத் திறந்து வாசிங்க.